பாயின் ஜூம் லென்ஸும் ஏழு ஸ்டிக்கர்களும்

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆடி மாதம், காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்த நேரம். அருள்புரம் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சேர்ந்து எனக்கு ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. வெளிநாட்டில் ஆர்டர் கொடுக்கிறவர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று, சாம்பிள் அனுப்பி, மெயில் போட்டு, சரக்கு கிளம்பும் வரை ஓடிக்கொண்டே இருக்கிற வேலை. சாம்பிள் துணிகளைப் போட்டோ எடுத்து அனுப்புவதும் என் பொறுப்புதான். அதற்காகக் கம்பெனியில் ஒரு நல்ல கேமரா கொடுத்திருந்தார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தால் எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாக இருக்கும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பது புரியாது. அப்பா சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்தோடு பெரிய பழக்கம் இல்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கரண்ட் பில்லில் இருந்து பக்கத்து வீட்டு ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் எல்லாம் என் கைக்கு வரும். "அவ படிச்சவ, அவகிட்டக் காட்டுங்க" என்பார்கள். கேட்டுக் கேட்டு, எனக்குத் தெரியாதது என்று ஒன்று கிடையாது என்கிற நினைப்பு எனக்குள் உட்கார்ந்துவிட்டது. அப்படியே தெரியாமல் போனாலும் போனில் ஒரு வீடியோ பார்த்தால் முடிந்தது.

எங்கள் கம்பெனியில் துணிக் குடோனைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பனியன் வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர். அன்றைக்குத் திங்கட்கிழமை. நான் சாம்பிள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய துணிப்பையோடு வந்தார். பைக்குள் ஒரு ஜூம் லென்ஸ். கையாலேயே ஃபோகஸ் பண்ணுகிற பழைய காலத்து ரகம். வளையத்தைச் சுற்றினால் ஃபோகஸ், அதே வளையத்தை முன்னால் பின்னால் இழுத்தால் ஜூம். நல்ல கனம்.

அவருடைய மகளுக்குக் கோயமுத்தூரில் ஒரு காலேஜில் விஷுவல் கம்யூனிகேஷன் சீட்டு கிடைத்திருந்தது. செகண்ட் ஹேண்டில் ஒரு கேமராவும் வாங்கியாயிற்று. தூரத்தில் இருப்பதை எடுக்க ஒரு ஜூம் வேண்டும் என்றபோது அந்தப் பெண், "புதுசு வேண்டாம் அத்தா, உங்க லென்ஸையே கொடுங்க" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேமராவில் அதை மாட்டுவதற்கு ஒரு வளையம்கூட வாங்கிவிட்டார். ஆனால் பல வருஷம் பீரோவில் கிடந்ததில் உள்ளே கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருந்தது. ஃபோகஸ் வளையம் கல் மாதிரி இறுகியிருந்தது. ரிப்பேர் கடையில் பார்த்துவிட்டு, இதற்கு மெனக்கெட முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

"ஞாயித்துக்கிழமை ஹாஸ்டலுக்குக் கிளம்பறாம்மா. அதுக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களான்னு கேக்கலாம்னுதான்" என்றார்.

தெரிந்தவர் யாரும் எனக்கு இல்லை. ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை. "எதுக்குங்க பாய் அடுத்தவங்க? எங்கிட்டக் கொடுங்க. சனிக்கிழமை கையில தர்றனுங்க" என்றேன்.

"நெசமாவா? உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"இதுல என்னங்க இருக்குது!"

அவர் முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை கட்டிங் செக்ஷனில் ஒரு சண்டை. சண்டை என்று கூடச் சொல்ல முடியாது, பேசியது நான் மட்டும்தான். பனியன் துணியை அடுக்கடுக்காக விரித்து, மொத்தமாக வெட்டுவார்கள். வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் எத்தனையாவது அடுக்கு என்று ஒரு சின்ன நம்பர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பத்தாம் அடுக்கின் உடம்போடு பத்தாம் அடுக்கின் கைதான் சேர வேண்டும். மாறினால் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம் என்று வந்து நிற்கும். அன்றைக்கு அப்படித்தான் ஆறு பனியன் வந்து நின்றது. ஸ்டிக்கர் ஒட்டுகிற மேஜையில் ஒடிசாவில் இருந்து வந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், நின்றுகொண்டிருந்தாள். நான் கட்டிங் மாஸ்டரிடம், அவள் காது கேட்கும்படியாகவே, "நம்பர் படிக்கத் தெரியாதவங்களையெல்லாம் யாருங்க இந்த வேலைக்கு நிறுத்துனது?" என்று கேட்டேன். அதோடு விடவில்லை. மேலே போய், அவள் பேரைக் குறிப்பிட்டு மேனேஜருக்கு மெயிலும் போட்டேன், கட்டிங் மாஸ்டருக்கு ஒரு பிரதியோடு.

ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்த அவள் பெருவிரல்கூட நிற்கவில்லை.

புதன்கிழமை காலையில் விஷயம் தெரிந்தது. ஒரு துணி ரோல் பாதி அடுக்கில் தீர்ந்துபோய், மீதிக்கு வேறு லாட், அதாவது வேறு தடவை சாயம் ஏற்றிய ரோலைப் போட்டிருக்கிறார்கள். ஒரே அடுக்கிலேயே இரண்டு நீலம். ஸ்டிக்கர் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவசர ஆர்டர், இரண்டு ரோலையும் சேர்த்துப் போடுங்கள் என்று மெயில் அனுப்பியவள் நான்தான். கட்டிங் மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். அத்தோடு விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் லென்ஸைக் கழற்ற உட்கார்ந்தேன். இரண்டு நாளாக வீடியோ பார்த்து எல்லாம் தயார். கடிகார ரிப்பேருக்கு விற்கிற சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட், ஸ்க்ரூக்களை வரிசையாகப் போட்டு வைக்க ஒரு முட்டை அட்டை, முன் வளையத்தைக் கழற்ற ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர். டம்ளரின் வாயில் ரப்பர் பேண்டைச் சுற்றி, வளையத்தின் மேல் அழுத்தித் திருப்பினால் கழன்று வரும் என்று வீடியோவில் பார்த்திருந்தேன். முக்கியமான இன்னொரு ஏற்பாடு, என் போன். நான் ரிப்பேர் பண்ணுவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடலாம் என்று, எதிரே சாய்த்து வைத்திருந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "கண்ணு, அது நம்முளுது இல்லையே. அடுத்தவிய சாமானைக் கழட்டிப் பரப்பிக்கிட்டு ஒக்காந்திருக்கறயே?"

"சும்மா இரும்மா. எனக்குத் தெரியும்."

அப்பா தன் பங்குக்கு, "இறுகியிருந்தா ரெண்டு சொட்டு மிஷின் ஆயில் உடு, சரியாப் போயிரும்" என்றார். எங்கள் ஊரில் கதவு கிரீச்சிட்டாலும் மிஷின் ஆயில், மின்விசிறி நின்றாலும் மிஷின் ஆயில்தான். நல்லவேளை, லென்ஸில் ஆயில் விட்டால் கண்ணாடி வரை ஊர்ந்துவிடும் என்று வீடியோவில் எச்சரித்திருந்தார்கள். அதையாவது கேட்டேன்.

டம்ளர் வித்தை அருமையாக வேலை செய்தது. முன் வளையம் கழன்றது. உள்ளே, வளையம் ஓர் அளவுக்கு மேல் சுற்றாமல் நிறுத்துகிற ஒரு சின்ன தடுப்புக் கட்டை. அதன் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றினேன். இனி முன்பக்கக் கண்ணாடிக் கூட்டைச் சுற்றிச் சுற்றி வெளியே எடுக்க வேண்டும். வீடியோவில் இந்த இடத்தில் மட்டும் மூன்று தடவை சொன்னார்கள்: மெதுவாகச் சுற்றுங்கள், மரை விட்டுப் போகிற அந்த நொடியில் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்று. மார்க்கர் பேனா என் மடியில்தான் இருந்தது. சுற்றிக்கொண்டே, போனில் நான் சரியாகத் தெரிகிறேனா என்று ஒரு பார்வை பார்த்தேன். முடி முகத்தில் விழுந்திருந்தது. தலையைச் சிலுப்பி ஒதுக்கினேன். கையில் லேசாக ஏதோ கழன்ற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் முன் கூடு தனியாக என் வலது கையில், மீதி லென்ஸ் இடது கையில்.

எந்த இடத்தில் கழன்றது? தெரியாது. வீடியோவில் பதிந்திருக்கும் என்று ஓடிப் பார்த்தேன். பதிந்திருந்தது, என் முகம். சிரித்த முகமாக, தலையைச் சிலுப்பிக்கொண்டு. லென்ஸ் படத்துக்குக் கீழே எங்கேயோ இருந்தது.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்கு முழுதாக உறைக்கவில்லை. பூஞ்சையைத் துடைக்கிற வேலையில் இறங்கிவிட்டேன். அதிலும் ஒரு கூத்து. கைக்குக் கிடைத்த பனியன் வேஸ்ட்டை எடுத்துத் துடைத்தேன். எங்கள் ஊரில் எதைத் துடைக்கவும் அதுதானே! பூஞ்சை போய், அதற்குப் பதிலாகக் கண்ணாடி முழுக்கப் பஞ்சுத் தூசி ஒட்டிக்கொண்டது. பிறகு லென்ஸ் துடைக்கிற தாளும் திரவமும் வைத்துத் திரும்பத் துடைத்தேன். ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு தழும்பு மட்டும் போகவில்லை. மற்றபடி கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது. காய்ந்துபோன பழைய கிரீஸை வழித்தெடுத்து, புதிதாகத் துளி வைத்து, திரும்ப மாட்டினேன். வளையம் வெண்ணெய் மாதிரி சுற்றியது. நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை கம்பெனிக்குப் போனதும் முதல் வேலையாக மொட்டை மாடிக்குப் போய், பாய் கொடுத்திருந்த வளையத்தோடு லென்ஸைக் கம்பெனிக் கேமராவில் மாட்டினேன். பாய் மகள் வாங்கியதும் அதே கம்பெனிக் கேமராதான். பல்லடம் பக்கமாகத் தெரிகிற காற்றாலைகளைப் பார்த்து ஃபோகஸைக் கடைசி வரை திருப்பினேன். எல்லாம் மங்கல். இறக்கைகள் சோப்பு நுரைக்குள் சுற்றுவது போலத் தெரிந்தது. பக்கத்தில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி தெளிவாக இருந்தது. தூரத்தில் ஒன்றும் இல்லை. தூரத்தில் இருப்பதை எடுக்கத்தான் அந்தப் பெண் இதைக் கேட்டிருந்தாள்.

காரணத்தை அப்புறம்தான் தேடிப் படித்தேன். பாட்டில் மூடிக்கு மரை தொடங்குகிற வாய் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இந்த மாதிரி லென்ஸுக்கு வட்டமாகச் சுற்றிலும் பல வாய்கள். எதில் விட்டாலும் சமர்த்தாக மாட்டிக்கொள்ளும். ஆனால் தடுப்புக் கட்டை ஒரே இடத்தில்தான் உட்காரும் என்பதால், முதலில் இருந்த அந்த ஒரு வாயில் விட்டால்தான் ஃபோகஸ் தூரம் வரை போகும். அதற்குத்தான் கோடு போடச் சொன்னார்கள். ஸ்டிக்கர் விஷயத்தில் ஊரைக் கூட்டிக் கத்தியவள், ஒரு பேனாக் கோடு போடாமல் விட்டிருந்தேன்.

இதே லென்ஸ் எங்கேயாவது விலைக்குக் கிடைக்குமா என்று போனில் தேடினேன். ஒன்று இருந்தது, வந்து சேரப் பத்து நாளாகும். பிறகு கெட்ட யோசனை ஒன்று வந்தது. இதை மறைத்து எழுதினால் இந்த அனுபவத்தை எழுதுவதற்கே அர்த்தமில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். 'உள்ளே ஏற்கெனவே கெட்டுப்போயிருந்ததுங்க பாய், கடையில் சொன்னது சரிதான்' என்று சொல்லிவிட்டால் என்ன? அவர் நம்பிவிடுவார். நான் படித்தவள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் திரும்ப மாடிக்குப் போனேன். கழற்றுவது, வேறு வாயில் விட்டுப் பார்ப்பது, ஸ்க்ரூ போடுவது, காற்றாலையைப் பார்ப்பது, மங்கல். திரும்பக் கழற்றுவது. காற்று வேறு துப்பட்டாவை இழுத்து லென்ஸ் மேல் போர்த்தியது. நாலாவது தடவை மாட்டும்போது பின்னால் இருந்து குரல் வந்தது.

"மேடம், இதே இடத்துலதாங்க மொதல்லயும் விட்டீங்க."

ஸ்டிக்கர் மேஜைப் பெண். அம்மாவோடு போன் பேசுவதற்குத் தினமும் மாடிக்கு வருவாளாம். இங்கே வந்து மூன்று வருஷத்தில் எங்கள் ஊர்த் தமிழையே பிடித்திருந்தாள். நாங்கள் ஒரு 'ங்க' போடுகிற இடத்தில் அவள் இரண்டு போடுவாள்.

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று.

"அந்த வெள்ளைப் புள்ளி இருக்குதுங்களே, ரெண்டு தடவையும் உங்க பெருவிரல் அதும் மேலதாங்க இருந்துச்சு. நடுவுல ரெண்டு தடவை வேற."

நான் லென்ஸைப் பார்த்தேன். அப்படி ஒரு வெள்ளைப் புள்ளி இருப்பதையே அப்போதுதான் பார்த்தேன்.

என்ன ஆயிற்று என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் சொன்னேன். பாய் மகள், ஞாயிற்றுக்கிழமை, கோடு போடாதது எல்லாம். அவள் கூட்டை வாங்கி உள் விளிம்பில் நகத்தை வைத்து மெல்லச் சுற்றினாள். ஒவ்வொரு வாயிலும் நகம் லேசாகத் தடுக்கி நின்றது. தன் பாஷையில் எண்ணினாள்.

"ஏழு வாய்ங்க."

"ஆறு. நான் எண்ணிட்டேன்."

"ஏழுங்க மேடம்."

நான் வாங்கி எண்ணினேன். ஏழுதான்.

அவள் ஏப்ரன் பாக்கெட்டில் கையை விட்டு ஸ்டிக்கர் ரோலை எடுத்தாள். "ஒட்டாம சுத்துனா தீவாளி வரைக்கும் சுத்தலாங்க. நான் ஒட்டறேன், நீங்க நம்பரைப் படிச்சு எழுதிக்குங்க." ஒரு நொடி நிறுத்தினாள். "மேடத்துக்கு நம்பர் படிக்க வருமில்லீங்க?"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஆனால் அதில் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? நானும் சிரித்தேன். அழுகையும் சிரிப்பும் பாதிப் பாதியாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு வாய்க்கும் நேராக ஒரு ஸ்டிக்கர், ஒன்றில் இருந்து ஏழு வரை. லென்ஸின் உடம்பில், எதிரே ஒரே ஒரு அம்பு. ஒன்றாம் நம்பரை அம்புக்கு நேராக வைத்து மாட்டினோம். மங்கல். நான் செல்போனில் '1 - இல்லை' என்று எழுதினேன். இரண்டை மாட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் டிபன் டப்பாவோடு மேலே வந்தாள். சாப்பாட்டு நேரமே அரை மணிதான், கீழே உட்கார்ந்து சாப்பிட்டால் இதற்கு நேரம் இல்லை என்றாள். அவள் டப்பாவில் சோறும், உருளைக்கிழங்கை மசித்துச் செய்த ஆலு பர்த்தாவும், என் டப்பாவில் தக்காளிச் சோறு. ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு இன்னொரு கையால் வேலை பார்க்கலாம் என்று நான் ஆரம்பித்தேன். "கண்ணாடில எண்ணெய் பட்டுச்சுன்னா மறுபடி மொதல்லருந்துங்க" என்று என் கையைத் தட்டிவிட்டாள். முதலில் வேலை, மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது சாப்பாடு என்று ஏற்பாடு.

இரண்டு, மங்கல். மூன்று, இன்னும் மோசம். நாலாவதில் கூடு சாய்வாக ஏறிப் பாதியில் சிக்கிக்கொண்டது. எனக்கு உயிரே போய்விட்டது. மரை தேய்ந்தால் எதுவுமே பண்ண முடியாது. நான் முறுக்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னாடி இல்லீங்க. பின்னாடி சுத்துங்க. டக்குன்னு ஒரு சத்தம் வரும், அப்புறம் முன்னாடி. எண்ணெய் டின் மூடி எப்படிங்க போடுவீங்க?"

"எங்க ஊட்டுல அம்மாதான் போடுவாங்க."

"அதான் தெரியுதுங்க" என்றாள்.

அவள் லென்ஸின் உடம்பை அசையாமல் பிடித்துக்கொண்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றினேன். டக். பிறகு முன்பக்கம். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. நாலும் மங்கல்தான், ஆனால் மூன்றைவிடக் கொஞ்சம் தேவலாம். அதற்குப் பிறகு மாட்டுகிறபோதெல்லாம் அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தோம்.

அன்று சாயங்காலம் பாய் குடோன் வாசலில் நிறுத்திக் கேட்டார். "என்னம்மா, ஆச்சுங்களா? புள்ள தினமும் கேக்குது."

"ஆச்சுங்க பாய். நாளைக்குத் தர்றேன்" என்றேன். பச்சைப் பொய். 'ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது' என்கிற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. அதைச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் என் நேர்மை இல்லை. இன்னும் மூன்று நம்பர் பாக்கி இருந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை மதியம் நான் போவதற்கு முன்னால் அவள் மாடியில் இருந்தாள். ஐந்தை மாட்டினோம். காற்றாலை கிட்டத்தட்ட வந்துவிட்டது. இறக்கை மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன, ஆனால் ஓரம் கரைந்திருந்தது.

"இதுவே போதுமோ?" என்றேன்.

"மேடம் இதைப் பாஸ் போடுவீங்களா? பனியன்ல ஒரு நூல் நீட்டிட்டிருந்தாலே திருப்பி அனுப்புவீங்க."

"ஏழுலயும் கிடைக்கலைன்னா?"

"எண்ணுனது தப்புன்னு அர்த்தங்க. மறுபடி எண்ணலாம்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். எண்ணியது தப்பாக இருக்கலாம் என்பது அவளுக்கு அவமானமே இல்லை. திரும்ப எண்ண வேண்டிய ஒரு வேலை, அவ்வளவுதான்.

ஆறு. பின்பக்கம் சுற்றி, டக் சத்தம் கேட்டு, முன்பக்கம் சுற்றி, கட்டையை வைத்து, ஸ்க்ரூவைப் போட்டு, கேமராவில் மாட்டினேன். கடைசி வரை திருப்பிவிட்டுப் பார்த்தேன். கேமராவை அவளிடம் கொடுத்தேன். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"காத்தாடிக்குக் கீழ ஒரு ஆள் சைக்கிள்ல போறாருங்க. பின்னாடி கேரியர்ல ஒரு மூட்டை இருக்குது."

இரண்டு பேரும் மாடியில் குதித்தோம். கீழே டீக்கடையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சந்தோஷம் தணிந்ததும் அவள், "ஏழையும் மாட்டிப் பாத்துரலாங்களா? லாட் முழுக்கச் செக் பண்ணோணுமில்லீங்க" என்றாள். நான் லென்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன். நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

சாயங்காலம் பாய் மகளே ஸ்கூட்டரில் வந்திருந்தாள். ஒல்லியாக, பெரிய கண்களோடு, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. லென்ஸை மாட்டி கேட் வழியாக ரோட்டைப் பார்த்தாள். முன்னால் இழுத்தாள், பின்னால் தள்ளினாள். "அத்தா! எவ்வளவு ஸ்மூத்தா இருக்கு!" என்று கூவினாள். ஓரத்தில் இருந்த தழும்பைக் காட்டிச் சொன்னேன், அது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

பாய் சுற்றி நின்றவர்களிடம், "கடைக்காரனே முடியாதுன்னான். படிச்ச புள்ளைன்னா இப்படி இருக்கோணும்" என்றார். மகள் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்களே தனியாவா பண்ணீங்க?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கண்களில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. அவளும் அவள் வீட்டில் காலேஜ் போகிற முதல் ஆள். என்னைப் பார்த்து, படித்தவள் என்றால் எல்லாம் தெரிந்தவள் என்று அவளும் முடிவு செய்துகொள்ளப் போகிறாள்.

"இல்லைம்மா. கழட்டுனது நான், கெடுத்ததும் நான். சரி பண்ணது வேற ஆள். வா, காட்டறேன்" என்று கட்டிங் செக்ஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாயும் பின்னால் வந்தார். என்ன நடந்தது என்று நடந்துகொண்டே சொன்னேன். வெள்ளிக்கிழமை சொன்ன பொய்யையும் சேர்த்து. கடைசியில் பாய், "நேத்தே சொல்லியிருந்தா நானும் மாடிக்கு வந்திருப்பேனேம்மா, எண்ணறதுக்கு" என்றார்.

ஸ்டிக்கர் பெண் தன் மேஜை அருகே நின்று ஒட்டிக்கொண்டிருந்தாள். பாய் மகள் அவளிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ கேட்டாள். அவள் வெட்கப்பட்டு, ஏழு வாய், ஏழு ஸ்டிக்கர் என்று சொல்லிக்காட்டினாள். கட்டிங் மாஸ்டரும் வந்து நின்றார். அங்கேயே, செவ்வாய்க்கிழமை நான் கத்திய அதே இடத்திலேயே, மற்றதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "அன்னிக்கு நான் உன்னைத் திட்டுனது தப்பு. ஸ்டிக்கர் சரியாத்தான் இருந்துச்சு. துணியைச் சேர்த்துப் போடச் சொன்னது நான்தான். மன்னிச்சுக்க" என்றேன்.

அவள் உடனே 'பரவாயில்லைங்க' என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "இதையும் மெயில்ல போடுவீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

"திட்டுனது வாயிலதாங்க, அது போயிருச்சு. ஆனா மெயில்ல எம் பேர் இருக்குதுங்களே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மெயிலை நான் மறந்தே போயிருந்தேன். அவள் மூன்று நாளாக அதைத் தெரிந்துகொண்டுதான் மாடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து லென்ஸைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மேலே போய் உடனே எழுதினேன். மேனேஜருக்கு, கட்டிங் மாஸ்டருக்கும் ஒரு பிரதி. மெயில் எழுதுவதுதான் என் வேலை, நாளைக்கு ஐம்பது எழுதுவேன். இந்த நாலு வரிக்கு அரை மணி நேரம் ஆனது. 'தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த குழப்பம்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடித்துவிட்டு, 'தவறு என்னுடையது' என்று எழுதினேன். அனுப்பிவிட்டுக் கீழே வந்து போனில் அவளிடம் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். தன் பேர் இருக்கிற இடத்தை மட்டும் விரலை வைத்துக் காட்டச் சொன்னாள். பார்த்துவிட்டு, "சரிங்க அக்கா" என்றாள். அன்றைக்குத்தான் மேடம், அக்கா ஆனது.

திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். திட்டு விழும் என்று போனேன். இனிமேல் இரண்டு சாய லாட்டைச் சேர்த்துப் போடுவதாக இருந்தால் கட்டிங் மேஜையில் போய் நேரில் பேசிவிட்டு மெயில் போடச் சொன்னார். அது இன்றைக்கும் எங்கள் கம்பெனியில் வழக்கமாக இருக்கிறது. பாய் மகள் இப்போது மூன்றாம் வருஷம். பறவைகளாக எடுத்துத் தள்ளுகிறாள். நல்ல படம் கிடைத்தால் எங்கள் இரண்டு பேருக்கும் அனுப்புவாள். ஸ்டிக்கர் மேஜைக்காரி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, "ஓரத்துல லேசா மங்கலுங்க" என்று ஏதாவது ஒரு குறை கண்டுபிடிப்பாள்.

நான் படித்தவள் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை குறையவில்லை, குறைய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் படித்து நீ எழுதியதில் உருப்படியானது எது என்று யாராவது கேட்டால், அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எழுதிய நாலு வரி மெயிலைத்தான் காட்டுவேன்.